உர யந்திரமும் நமது கைகளும்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ரப்பர் நின்ற நிலங்கள் பலவற்றில் செம்பனை வந்து வெகு காலமாகிவிட்டது. ஆலைக்குப் போகும் 100 டன் குலையில் சுமார் 22 டன் வெறுங்குலையாக மிஞ்சுகிறது. ஒரு காலத்தில் அதை எரித்துச் சாம்பலாக்கினார்கள். இன்று பல இடங்களில் அதை அரைத்து, ஆலைக் கழிவுநீர் தெளித்து, மக்கவைத்து உரமாக்குகிறார்கள். நல்ல காரியந்தான். ஆனால், அந்த யந்திரங்களோடு தினமும் போராடுகிறவர்கள் நாம். ஆகவே அதைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

வெறுங்குலை முழுவதும் நார். அரைவை யந்திரத்தின் சுழல்தண்டில் அது கயிறுபோல் சுற்றிக்கொள்ளும். அதைப் பிடுங்கத்தான் தொழிலாளி கையை விடுகிறான். சுவிட்சை அணைத்தாலும் கனத்த தண்டு உடனே நிற்பதில்லை. ஆகவே முதலில் சுவிட்சை அணைத்துப் பூட்டுங்கள். சாவி, உள்ளே கைவைப்பவனின் பையில் இருக்கட்டும், மண்டோரிடம்கூட வேண்டாம். தண்டு நின்றதைக் கண்ணால் கண்ட பிறகே மூடியைத் திறவுங்கள். மூடியைத் திரும்பப் பூட்டிய பிறகே சுவிட்சைத் திறவுங்கள்.

அடுத்தது யந்திரத்தின் பராமரிப்பு. குலையோடு வரும் கல்லையும் கம்பியையும் பெல்ட்டில் ஏற்றுமுன்பே பொறுக்கிவிட வேண்டும். அரைக்கும் சுத்தியல் தேய்ந்தால் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். எதிரெதிர்ச் சுத்தியல்கள் ஒரே எடையில் இல்லாவிட்டால் தண்டு ஆடும், பேரிங் கெடும், போல்ட்டுகள் தளரும். மக்கும் குவியலின் ஈரமும் ஆவியும் இரும்பை அரிக்கும். ஆகவே புரட்டும் யந்திரத்தை அன்றன்று கழுவி, கிரீஸ் இட வேண்டும். அது பழுதாகி நின்றால் குவியலுக்குக் காற்றில்லை. உரம் அழுகி நாறும். குவியல் 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். புரட்டும்போது பூஞ்சைத் தூளும் எழும். மூக்குக்கவசம் இல்லாமல் அருகே போகாதீர்கள்.

"இதற்கெல்லாம் நேரமேது?" என்று கேட்பீர்கள். அங்கேதான் சங்கத்தின் வேலை இருக்கிறது. டன் கணக்கில் மட்டும் கூலி தந்து, கழுவும் நேரத்துக்கும் கிரீஸ் இடும் நேரத்துக்கும் சம்பளமில்லை என்றால், தொழிலாளி ஓடுகிற யந்திரத்திலேயே கையை விடுவான். விபத்து அந்தக் கூலிக் கணக்கில் தொடங்குகிறது. பராமரிப்பு நேரமும் வேலை நேரமே என்று நாம் நிர்வாகத்திடம் வற்புறுத்த வேண்டும்.

சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்துக்கு 2022இல் செய்த திருத்தம் 2024 ஜூன் 1 முதல் அமலில் உள்ளது. உடனடி ஆபத்து உண்டென்று நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளியிடம் தெரிவித்தும் அவர் அதை நீக்காவிட்டால், தொழிலாளி அவ்விடத்தைவிட்டு விலக உரிமையுண்டு.

நம்மோடு இந்தோனேசியத் தோழரும் வங்காளதேசத் தோழரும் உழைக்கின்றனர். எச்சரிக்கைப் பலகை அவர்கள் படிக்கும் மொழியிலும் இருக்கக் கேளுங்கள். யந்திரத்துக்கு மாற்று உறுப்பு ஸ்டோரில் கிடைக்கும். போன விரலுக்குக் கிடையாது.