எழுதுகோலும் உளியும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டுதோறும் நவராத்திரியின் இறுதியில் நாம் புத்தகத்தையும் பேனாவையும் மட்டுமா பூசையில் வைக்கிறோம்? கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, தச்சரின் உளி எல்லாவற்றுக்கும் சந்தனம் பூசிப் பொட்டு வைக்கிறோம். அன்று ஒரே மணையில் இருக்கும் பேனாவும் உளியும் மறுநாள் ஏன் பிரிந்துவிடுகின்றன? பேனா பிடிப்பவன் உயர்ந்தவன், உளி பிடிப்பவன் தாழ்ந்தவன் என்ற எண்ணம் நம்மிடம் எப்படிப் புகுந்தது? இதைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

ஆந்திர நாட்டில் கோதாவரிக் கரையில் இராஜமுந்திரி என்ற ஊர் இருக்கிறது. அங்கே கே. வி. ரத்னம் என்ற பொற்கொல்லர் 1932இல் பேனாத் தொழிலைத் தொடங்கினார். எபனைட் என்னும் கெட்டி ரப்பர்த் தண்டைக் கடைந்து, துளையிட்டு, மரையிட்டுக் கையாலேயே பேனா செய்தார். அப்படிச் செய்த ஒன்றைக் காந்தியடிகளுக்கு அனுப்பினார். அதைக் கொண்டு சேர்த்தவர் கிராமக் கைத்தொழில் சங்கத்தைச் சேர்ந்த ஜே. சி. குமரப்பா, தஞ்சாவூரிற் பிறந்த தமிழர். அடிகள் அதனால் எழுதிப் பார்த்து, கடைகளில் விற்கும் அந்நியப் பேனாக்களுக்கு இது நல்ல மாற்று என்று 1935இல் நன்றிக் கடிதம் எழுதினார். தமிழ்நாட்டிலும் பேனா முள் செய்வதைக் குடிசைத் தொழிலாகக் கொண்டு பெயர் பெற்ற ஊர் சாத்தூர்.

“இராஜமுந்திரி எங்கே, பட்டிப்பொல எங்கே?” என்று கேட்பீர்கள். ஆறாயிரத்து இருநூறு அடிக்கு மேல், இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம் இருக்கும் இந்த ஊரில் பேனா செய்ய என்ன இருக்கிறது? தேயிலைக் கட்டை இருக்கிறது! பழைய மலைகளைப் பிடுங்கி மறுநடுகை செய்யும்போது, பல ஆண்டுகள் கொழுந்து கொடுத்த செடிகள் அடுப்புக்குப் போகின்றன. பாட்டன் பாட்டி நட்ட செடி ஒரு வேளைத் தேநீர் கொதிக்குமுன் சாம்பலாகிறது. அந்தக் கட்டையில் பேனா செய்தால் என்ன என்று கடந்த விடுமுறையில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து யோசித்தோம். மிசன் பாடசாலையில் மரவேலை வகுப்பிற் கற்றது சிறிது நினைவில் இருந்தது. பட்டறை வைத்திருக்கும் ஆசாரி ஐயா, தமது பழைய கடைசல் இயந்திரத்தைத் தந்து உதவினார்.

முதற் கட்டை வெடித்துப் போயிற்று. அவசரத்தில் பச்சைக் கட்டையை அடுப்பருகே வைத்துவிட்டோம். வெளிப்புறம் காய்ந்து சுருங்க, உட்புறம் ஈரமாகவே இருந்தது. வெடிக்காமல் என்ன செய்யும்? “மரத்துக்கும் பொறுமை வேணும் தம்பி, மனுசனுக்கும் வேணும்” என்றார் ஆசாரி ஐயா. ஈரம் வெட்டுமுகத்தின் வழியாகத்தான் விரைந்து வெளியேறும் என்று சொல்லி, இரு முனைகளிலும் மெழுகு பூசச் சொன்னார். லயத்து அடுப்புப் பரணில், நெருப்பு நேரே படாத மூலையில், அடுத்த விடுமுறை வரை அவை காய்ந்தன.

இரண்டாவது தவறு துளையில் நேர்ந்தது. நீண்ட துளை ஊசி மரத்தின் ஓட்டத்தோடு வளைந்து பக்கவாட்டில் வெளியே வந்துவிட்டது. ஊசியைச் சுழற்றாமல் அசையாது பிடித்து, கட்டையைச் சுழற்றிய பிறகுதான் துளை நேராக விழுந்தது. துளையை முதலிலும் வெளிப்புறக் கடைசலைப் பின்னரும் செய்தோம். அப்போதுதான் சுவர் எங்கும் ஒரே கனமாக இருக்கும். உப்புத்தாளால் தேய்த்து, சீவிய தூளையே கைப்பிடி அள்ளிச் சுழலும் மரத்தில் அழுத்தியபோது, கறுத்துக் கிடந்த கட்டையில் தேன் நிற வரிகள் தெளிந்தன. எறிந்துவிட்ட பேனாவின் கூம்பு முனையைப் பொருத்தி, மைக்குழலை உள்ளே செலுத்தினோம். மை தீர்ந்தால் குழலை மாற்றினால் போதும். உடலை எறிய வேண்டியதில்லை.

இதைக் கண்ட பெரியவர் ஒருவர், “படிச்ச புள்ள இந்த வேலைக்கா வந்துச்சு?” என்று வருந்தினார். அவரை நாம் குறை சொல்ல மாட்டோம். உடல் உழைப்பென்றால் அவமதிப்பு என்றே அவர் தலைமுறைக்குக் கற்பிக்கப்பட்டது. பிள்ளையாவது அதிலிருந்து தப்பட்டும் என்பது அவர் அன்பு. ஆனால், ஐயா, அவமானம் உழைப்பில் இல்லை. உழைத்தவனை மதிக்காத ஏற்பாட்டில் இருந்தது.

நம் முன்னோர் செக்ரோல் காலத்திற் கைநாட்டு வைத்தார்கள். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தையும், 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தையும் எழுதிய பேனாக்கள் அவர்கள் கையில் இருக்கவில்லை. எங்கே வாழ்வது என்பதையே பிறருடைய பேனா தீர்மானித்தது. எஞ்சியிருந்தோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. ஆகவே பேனா நமக்கு வெறும் சட்டைப்பை அலங்காரம் அன்று.

செய்த முதற் பேனாவை ஓய்வுபெற்ற கொழுந்துத் தொழிலாளியான ஒரு பாட்டியிடம் கொடுத்தோம். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுதவில்லை, மூக்கருகே வைத்து முகர்ந்தார். “இது நம்ம மலைக் கட்டை” என்றார். பிறகு பேத்தியை அழைத்து, “ஏம் பேர எழுதிக் காட்டு” என்றார். பேத்தி எழுதியதைப் பார்த்துப் பார்த்து, நடுங்கும் கையால் முதல் எழுத்தை மட்டும் எழுதினார். அந்த எழுத்து கோணலாகத்தான் இருந்தது. எங்கள் பேனாவும் சற்றுக் கோணல்தான்!

வாலிப நண்பர்களே, எல்லோரும் பேனாத் தொழிலாளர் ஆக வேண்டும் என்று சொல்ல வரவில்லை. எழுதத் தெரிந்த கை செய்யவும் தெரிந்திருக்கட்டும். செய்யத் தெரிந்த கை எழுதவும் கற்கட்டும். பெரியோர்களே, விடுமுறையில் உங்கள் பிள்ளை உளி பிடித்தால் தடுக்காதீர்கள். வரும் பூசையில் பேனாவும் உளியும் ஒரே மணையில் இருக்கும்போது, மறுநாளும் அவை பிரியாதிருக்க நாம் உறுதி கொள்வோமாக.