பார்த்தவர்கள் நிறைய, சொன்னவர்கள் குறைவு



உடுமலையிலேயே நடக்கிற மாதிரி ஒரு துப்பறியும் தொடர் எழுத வேண்டும், கொலைக்கதையின் முடிவு யாரும் எதிர்பாராததாக இருக்க வேண்டும், வழி சொல்லுங்கள் என்று நம் இளைஞர்கள் கேட்டார்கள். வாத்தியார் பக்கத்திலேயே இருக்கிறாருங்க. கோவை ராஜேஷ்குமார். ஆயிரத்து ஐந்நூறு நாவல்களைத் தாண்டியவர். பஸ் ஸ்டாண்டு கடையில் 'க்ரைம் நாவல்' வாங்கி, பொள்ளாச்சி போய் இறங்குவதற்குள் முடித்தவர்கள் இந்த அரங்கில் எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம், மனதுக்குள் ஒத்துக்கொண்டால் போதும்.

அவருடைய உத்தி தெரியும்தானே. ஓர் அத்தியாயத்தில் ஒரு கதை, அடுத்ததில் சம்பந்தமே இல்லாத இன்னொரு கதை. இரண்டும் மாறி மாறி ஓடி, கடைசியில் முடிச்சு விழும். இரண்டு நுனியும் முதலிலிருந்தே நம் கையில்தான் இருந்தன. அப்படியும் அசந்து போகிறோம். கடைசிப் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தி, இவன்தான் கொலைகாரன் என்றால் அதற்குப் பெயர் திருப்பம் இல்லைங்க, மோசடி.

மோசடி இல்லாத திருப்பம் எப்படி இருக்கும் என்றால், 1954-இல் எஸ்.பாலசந்தர் 'அந்த நாள்' என்ற படம் எடுத்தார். படம் தொடங்கியதும் சிவாஜி பிணம். பாட்டே கிடையாது. பாட்டுக்காகவே கூட்டம் வந்த காலம் அது. நம் ஊர்ப் பாடலாசிரியர் உடுமலை நாராயணகவிக்கே அந்தப் படத்தில் வேலை இல்லாமல் போய்விட்டது! பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி என்று ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். ஆளாளுக்கு வேறொருவர் மேல் கை காட்டுகிறார்கள். கடைசியில் பார்த்தால், துப்பாக்கி பிடித்த கை மனைவியுடையது. நாட்டைக் காட்டிக்கொடுத்த கணவனை எதிர்த்து நின்றவள். எழுபது வருஷம் ஆகிவிட்டது, முடிவைச் சொன்னதற்காக யாரும் கோபிக்க மாட்டீர்கள். துக்க வீட்டில் அழுகிறவளைச் சந்தேகப்படக் கூடாது என்பது நம் வளர்ப்பு. அந்த வளர்ப்பின் பின்னால்தான் பாலசந்தர் அவளை ஒளித்து வைத்தார். நம் ஊர் மாதிரி சின்ன ஊரில் நடக்கிற கதைக்கு 2022-இல் வந்த 'சுழல்' தொடரைப் பாருங்கள், சாம்பலூர் என்று ஒரு கற்பனை ஊர். சிமெண்ட் ஆலை எரிகிறது, தொழிற்சங்கத் தலைவர் மகள் காணாமல் போகிறாள். அதன் முடிவை மட்டும் சொல்ல மாட்டேன்.

இனிச் சொல்லப் போவது கதையில்லை. 2016 மார்ச் 13, ஞாயிற்றுக்கிழமை. நம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், பட்டப்பகலில், சாதி பார்க்காமல் கல்யாணம் செய்துகொண்ட ஓர் இளைஞரை வெட்டிக் கொன்றார்கள். மனைவி காயத்தோடு பிழைத்தார். பெயர் உங்களுக்குத் தெரியும். கேமராவில் பதிவானதை நாடே பார்த்தது. 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் பெண்ணின் தந்தை உட்பட 6 பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2020 ஜூனில் உயர் நீதிமன்றம் தந்தையை விடுதலை செய்தது, 5 பேரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நாவலுக்குக் கடைசி அத்தியாயம் ஒன்றுதான். வழக்குக்கு அப்படி இல்லை.

அந்தக் கேமராப் பதிவில் வெட்டியவர்கள் மட்டுமா இருக்கிறார்கள்? சுற்றி நின்றவர்களும் இருக்கிறார்கள். சின்ன ஊர்த் துப்பறியும் கதைக்கு ஆள் அங்கேதான் கிடைப்பான் தம்பி. பெரிய நகரத்தில் 'யார் செய்தது' என்று தேட வேண்டியிருக்கும். நம் மாதிரி ஊரில் அது பாதிப் பேருக்குத் தெரியும். யார் பார்த்தது, ஏன் வாய் திறக்கவில்லை என்பதுதான் மர்மம். சாட்சி சொன்னால் நாளைக்குக் கடனுக்குச் சாமான் கிடைக்குமா, பெண்ணுக்கு வரன் வருமா என்று கணக்குப் போடுகிற அந்த மனுசனை எழுதுங்கள். உங்கள் துப்பறிவாளர் அவர் வீட்டுத் திண்ணையில் நாலு நாள் உட்காரட்டும்.

தடயத்துக்கும் வெளியூர் போக வேண்டாம். திருமூர்த்தி அணையிலிருந்து பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலில் எல்லா நிலத்துக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் விடுவதில்லை. நான்கு மண்டலம், முறை வைத்துத்தான். வாய்க்காலில் ஒரு பிணம் ஒதுங்குகிறது என்று வையுங்கள். அந்த வாரம் எந்தப் பக்கம் தண்ணீர் ஓடியது, எப்போது அடைத்தார்கள் என்பது அங்கே தென்னைக்குத் தண்ணீர் கட்டுகிற எல்லாருக்கும் மனப்பாடம். பிணம் எங்கே விழுந்தது, எந்த ராத்திரி விழுந்தது என்று டீக்கடையிலேயே கணக்குப் போட்டுவிடலாம். சென்னையிலிருந்து வந்த அதிகாரிக்குத்தான் அது புரியாது. இதை ஐந்தாம் பக்கத்தில் ஒரு விவசாயி சலிப்போடு சொல்லிவிட்டுப் போகட்டும். வாசகர் தாண்டிப் போய்விடுவார். நூற்றிருபதாம் பக்கத்தில் திரும்பி வந்து தேடுவார்.

முதல் அத்தியாயத்தை அடுத்த கூட்டத்துக்கு எழுதிக்கொண்டு வாருங்கள், மேடையிலேயே வாசிப்போம். கொலைகாரன் யார் என்று மட்டும் இப்போதே என் காதில் ஓதிவிடாதீர்கள்.