செவ்வாயின் மண்ணும் சிறில் பொன்னம்பெருமவும்

செவ்வாயின் தரை பெரும்பாலும் பசாற்றுப் பாறை. அதன்மேல் படிந்திருக்கும் இரும்பு ஒட்சைட்டுத் தூசிதான் அந்தக் கிரகத்துக்குச் செந்நிறம் தருகிறது. வளிமண்டலத்தில் சுமார் 95 சதவீதம் காபனீரொட்சைட்டு. அமுக்கமோ பூமியில் உள்ளதில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. இன்று நீர் திரவமாக நிலைக்க முடியாத அந்தத் தரையில், சுமார் 350 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆறுகள் ஓடின, ஏரிகள் தேங்கின. காந்தப்புலம் அடங்கியபின் சூரியக் காற்று வளிமண்டலத்தைச் சிறிது சிறிதாக அள்ளிச் சென்றது.

1976இல் இரண்டு வைக்கிங் கலங்கள் அங்கே இறங்கி மூன்று உயிரியல் சோதனைகளை நடத்தின. ஒன்றில், மண்ணில் போசணைக் கரைசலைச் சொட்டியதும் கதிரியக்கக் காபன் கலந்த வாயு வெளியேறியது. நுண்ணுயிர் மூச்சுவிடுவதாகவே தோன்றியது. ஆனால் மண்ணைச் சூடாக்கிப் பார்த்த கருவிக்குச் செவ்வாய்க்கே உரியது என்று சொல்லத்தக்க சேதனப் பொருள் எதுவும் அகப்படவில்லை. உடலே இல்லாமல் உயிர் எப்படி?

இந்தக் கேள்விக்கு ஆய்வுகூடத்தில் விடை தேடியவர்களுள் ஒருவர் இலங்கையர். சிறில் பொன்னம்பெரும 1923இல் காலியில் பிறந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படித்து 1948இல் பட்டம் பெற்றார். பிறகு லண்டன் பேர்க்பெக் கல்லூரியில் மறுபடியும் மாணவராகச் சேர்ந்து, 1959இல் இரசாயனவியலில் பட்டம் வாங்கினார். 1962இல் பேர்க்லியில், நோபல் பரிசு பெற்ற மெல்வின் கல்வினின் வழிகாட்டலில் கலாநிதியானார். முதற் பட்டத்தோடு படிப்பு முடிந்தது என்று எண்ணும் இளைஞர் எவரும் இந்த ஆண்டுகளைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது.

1977இல் அவரும் சகாக்களும் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். உயிர் ஏதும் இல்லாமல், உலோக ஒட்சைட்டு, பரொட்சைட்டு போன்றவற்றின் தாக்கத்தாலேயே வைக்கிங் கண்டது போன்ற விளைவுகள் வரலாம் என்று அது காட்டியது. உயிரின் தோற்றத்தைத் தேடுவதையே வாழ்நாள் பணியாகக் கொண்டவர் அவர். செவ்வாயில் உயிர் கிடைத்திருந்தால் அவரைவிட மகிழ்ந்திருக்கக்கூடியவரைக் காண்பது அரிது. ஆயினும் எளிய இரசாயன விளக்கத்தை அவர் ஒதுக்கிவிடவில்லை, சோதித்தார். விஞ்ஞான நேர்மைக்கு வேறு எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை. 1980களில் அவரே கண்டி, ஹந்தானையில் உள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தின் பணிப்பாளராகவும் இருந்தார்.

2008இல் பீனிக்ஸ் கலம் செவ்வாய் மண்ணில் பேர்குளோரேற்று உப்பைக் கண்டது. சூடேறும்போது இது சேதனப் பொருளை எரித்துவிடும். வைக்கிங் கருவி ஏமாந்ததற்கு இது காரணமாக இருக்கலாம். கேல் பள்ளத்தின் 300 கோடி ஆண்டுப் பழைய சேற்றுப்பாறையில் கியூரியோசிட்டி ஊர்தி கண்ட சேதன மூலக்கூறுகள் பற்றி 2018இல் அறிவிக்கப்பட்டது.

2021இல் யெசெரோ பள்ளத்தில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தி, அலுமினியம் மிகுந்த வெளிறிய கற்களில் கயோலினைட்டு என்ற களிக்கனிமத்தைக் கண்டது. நீர் நெடுங்காலம் பாறையை அலசியதன் அடையாளம் அது. இலங்கை மலையகத்தில், பூண்டுலோயாவிலும் நுவரெலியா, ஹட்டன் மலைகளிலும் மழை இன்றும் அதே வேலையைத்தான் செய்கிறது. நைஸ் பாறையிலிருந்து கல்சியம், சோடியம், பொற்றாசியம், சிலிக்காவின் ஒரு பகுதி எல்லாம் கரைந்து ஓட, அலுமினியமும் இரும்பும் எஞ்சுகின்றன. அப்படி உண்டாகும் அமில மண்ணில்தான் தேயிலை செழிக்கிறது. பீனிக்ஸ் அளந்த செவ்வாய் மண்ணோ சற்றுக் காரமானது. இரண்டும் சிவப்பு, ஆனால் வரலாறு வேறு. கண்ணால் பிரிக்க முடியாத அந்த வேறுபாட்டை இரசாயனம் பிரித்துக் காட்டும்.

மலையக இளைஞர்களுக்குப் புவிச்சரிதவியல் கற்கப் பேராதனைப் பல்கலைக்கழகம் அருகிலேயே இருக்கிறது. தோட்ட லயத்துக்குப் பின்னால் உள்ள மண்ணில் ஒரு பிடி எடுத்து அதன் அமிலத்தன்மையை அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. மலையகப் பட்டதாரிகள் அந்த அளவீட்டிலிருந்து தொடங்கட்டும்.