காற்றுக்கு வழி விடுங்கள்

இன்று பட்டம் பெறும் இளம் கட்டடக் கலைஞர்களே!

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஒரு கட்டடம் பூமிக்கு நல்லதா என்ற கேள்வியையும், உள்ளே இருப்பவர் உடம்புக்கு நல்லதா என்ற கேள்வியையும் பிரித்துவிடாதீர்கள்.

பிரித்தால் என்ன ஆகும்? 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, எரிசக்தியைச் சேமிக்க மேலை நாடுகளில் அலுவலகங்களை இறுக அடைத்தார்கள். உள்ளே விடும் வெளிக்காற்றையும் குறைத்தார்கள். செலவு குறைந்தது. வேலை செய்தவர்களுக்கோ தலைவலி, கண் எரிச்சல், தொண்டை வறட்சி, அசதி. வீடு திரும்பினால் தணியும். மறுநாள் மீண்டும் தொடங்கும். 1980களில் உலகச் சுகாதார நிறுவனமே இதைக் கவனிக்க வேண்டியதாயிற்று.

சேர்த்துப் பார்த்தால் என்ன கிடைக்கும்? பெரு நாட்டின் லிமா நகரில் எட்டு மருத்துவமனைகளில் காற்றோட்டத்தை அளந்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. கதவு சன்னல்களைத் திறந்துவைத்தபோது அறைக்காற்று மணிக்குச் சுமார் 28 முறை மாறியது. தொற்று அபாயமுள்ள அறைகளில் இயந்திரக் காற்றோட்டத்துக்குப் பரிந்துரைக்கப்பட்ட அளவோ 12 முறைதான். உயரமான கூரையும் பெரிய சன்னல்களும் கொண்ட பழைய கட்டடங்கள் புதியவற்றைவிட நன்றாகக் காற்று வாங்கின. காசநோய் பரவும் அபாயத்தைக் குறைக்கும் அந்தக் காற்றுக்கு மின்கட்டணம் கிடையாது.

பக்கத்திலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் செங்கல்லைப் படுக்கவைக்காமல் நிறுத்திவைத்து, நடுவே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பினார். இதை எலிப்பொறிக் கட்டு என்கிறோம். ஏறத்தாழக் கால்பங்கு செங்கல் மிச்சம். அவ்வளவுக்குச் சூளையில் எரிபொருளும் மிச்சம். அந்த வெற்றிடமே வெயிலின் சூடு உள்ளே வருவதைக் குறைக்கிறது. பூமிக்கும் உடம்புக்கும் ஒரே சுவர் பதில் சொல்லிவிட்டது.

நாளை உங்களிடம் வருபவர் முகப்பு முழுக்கக் கண்ணாடி கேட்பார். மேற்கு வெயில் எங்கே விழும், அந்தச் சூட்டைத் தணிக்க எத்தனை ஏசி ஓடவேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள். சமையலறைப் புகை வெளியேற வழி வையுங்கள். வாடை அடிக்காத பெயின்டைத் தேர்ந்தெடுங்கள். நம் ஊரில் பொழுது சாய்ந்தால் கொசுவுக்குப் பயந்து சன்னலைச் சாத்திவிடுவோம். ஆகவே கொசுவலையையும் வரைபடத்திலேயே போடுங்கள். ஏசி வாங்க வசதியில்லாதவருக்கு உங்கள் சன்னல்தான் மருந்து.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கட்டி முடித்த கட்டடத்துக்கு ஒரு மே மாதப் பிற்பகலில் திரும்பிப் போங்கள். அங்கே சமைப்பவரையும், பெருக்கித் துடைப்பவரையும், கடைசி பெஞ்சில் உட்காரும் பிள்ளையையும் கேளுங்கள்: புழுங்குகிறதா, தலை வலிக்கிறதா, தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறதா? அவர்கள் சொல்லும் குறையை அடுத்த வரைபடத்தில் திருத்துங்கள். அப்படித் திருத்திக்கொண்டே போகிறவர்தான் கட்டடக் கலைஞர்.

நீங்கள் எழுப்பும் சுவர்களுக்குள் மக்கள் நோயின்றி வாழட்டும்.