சோலைமந்தியும் நாமும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இருப்புப்பாதை அலுவலகத்தில் சரக்குக் கணக்கு எழுதும் எமக்குக் குரங்கைப் பற்றிப் பேசத் தகுதி யாது என்று அன்பர்கள் நகைக்கலாம். இம்மாநகருக்கும் ஆனைமலைக்கும் இருந்த பழைய சரக்குத் தொடர்பே எம்மைப் பேசத் தூண்டியது.

பம்பாய்க் கப்பல் கட்டும் துறைக்குத் தேக்கு வேண்டி, 1848ஆம் ஆண்டில் மைக்கேல் என்னும் படை அதிகாரி ஆனைமலையில் மரம் வெட்டும் பணியைத் தொடங்கினார். வெட்டிய மரங்களை மலைச்சரிவில் சறுக்கி உருட்டிய இடமே இன்றைய டாப்சிலிப். பின்னர்த் தண்டவாளக் கட்டைகளுக்காகவும் அங்குக் கோடரி விழுந்தது. அப்பொழுதும் மேல்மலையின் மழைக்காடு பெரும்பாலும் தப்பியிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் காப்பியும் தேயிலையும் வந்து அதனையும் துண்டு துண்டாக்கின.

அம்மழைக்காடே சிங்கவால் குரங்கின் வீடு. சோலைமந்தி என்றும் கூறுவர். கரிய உடல், முகத்தைச் சுற்றி வெண்சாம்பல் பிடரி, வால்நுனியில் குஞ்சம். தமிழகம், கேரளம், கருநாடகம் ஆகியவற்றின் மேற்குமலைத் தொடரன்றி உலகில் வேறெங்கும் அஃது இயற்கையாக வாழ்வதில்லை. எஞ்சியவை ஏறத்தாழ 4,000 என்பர். வெடிப்பலாவின் பூவையும் விதையையும் தின்று, மரத்துக்கு மரம் தாவி வாழும் பிராணி. ஒரு முறை ஈனுவது ஒரே குட்டி. அடுத்ததற்கு ஆண்டுகள் செல்லும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. கிளைக்கும் கிளைக்கும் இடையே விழுந்துவிட்ட வெளியைச் சட்டம் நிரப்புமா?

சென்ற கோடையில் பாஸ் வாங்கிக்கொண்டு குடும்பத்துடன் வால்பாறை சென்றிருந்தோம். ஊரையடுத்த புதுத்தோட்டத்தில், தோட்டங்களின் நடுவே சிறு காடு. அதனை ஊடறுத்துச் செல்கிறது சாலை. கிளைகள் தொடாத இடத்தில் மந்திகள் தரையில் இறங்குகின்றன, வண்டிகளில் அடிபடுகின்றன. சாலையோரம் அவற்றைக் கண்டதும் எம் இல்லத்தரசியார் முறுக்குப் பொட்டலத்தை எடுத்தார். தடுக்க வேண்டிய யாமோ, "பெரியதாகப் பார்த்துப் போடு" என்றோம்! காவலுக்கு நின்ற இளைஞர் ஓடிவந்தார். "ஐயா, நீங்கள் போடுவதற்காகத்தான் அது சாலைக்கு வருகிறது. அடுத்து வரும் லாரி நிற்காது" என்றார். அனுமன் பெயரால் செய்யும் புண்ணியம் என்றன்றோ யாம் எண்ணியிருந்தோம்! போரிவ்லி தேசியப் பூங்காவில் ஞாயிறுதோறும் கடலை வீசும் நம்மவர் பலரும் அவ்வாறே எண்ணுகின்றனர்.

இளைஞர் மேலே சுட்டிக்காட்டினார். தீயணைப்போர் பயன்படுத்தும் தடித்த குழாய்ப்பட்டையால் இரு மரங்களுக்கிடையே தொங்குபாலம் கட்டியிருந்தார்கள். யாம் பார்த்திருக்கையிலேயே, குட்டி வயிற்றைப் பற்றியிருக்க, தாய்மந்தி ஒன்று அதன் மேல் நடந்து அக்கரை சேர்ந்தது. கீழே பேருந்து ஒன்று ஊதிக்கொண்டே போயிற்று.

முறுக்குப் பொட்டலம் பிரிக்கப்படாமலே எம்முடன் மாட்டுங்கா வந்து சேர்ந்தது.