பெண் குழந்தையின் வைப்பு நிதியும் பஞ்சாயத்தின் கடமையும்

(எண்ணூரை அடுத்த கிராமங்களின் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



உங்களுள் பலர் தென்னங்கன்று நட்டவர்கள். கன்றை நடுவது ஒரு நாள் வேலை. அதற்கு வேலி கட்டி, கோடையில் நீர் வார்த்து, ஆடு மாடு கடிக்காமல் காப்பாற்றிக் காய்க்கச் செய்வதோ பல்லாண்டு வேலை. கன்றை அரசாங்கமே இனாமாகக் கொடுத்தாலும் வேலி கட்டும் பொறுப்பு நம்முடையதேயாகும்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளும் அத்தகையதே. ஏழைக் குடும்பத்தில் பிறக்கும் பெண் குழந்தையின் பெயரில் நமது மாநில அரசாங்கம் ஒரு தொகையை வைப்பாக வைக்கின்றது. அது கன்று. அக்குழந்தை 18 வயது எய்தி அத்தொகையைத் தன் கையாலேயே பெறும் வரையில் அதற்கு வேலியாக இருப்பவர் யார்? பஞ்சாயத்துத்தான் இருத்தல் வேண்டும் என்பதை எடுத்துரைக்கவே உங்கள் முன் நிற்கின்றேன்.

திட்டம் பிறந்த வரலாறு

முதலமைச்சரின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டம் 1992-ஆம் ஆண்டில் தோன்றியது. சேலம், தருமபுரி, மதுரை ஆகிய மாவட்டங்களின் சில பகுதிகளில் பெண் சிசுக்களைப் பிறந்தவுடனே கொன்றுவிடும் கொடுமை நாட்டின் மனச்சாட்சியை உலுக்கிய காலம் அது. தொட்டில் குழந்தைத் திட்டமும் அதே ஆண்டில்தான் தொடங்கப்பெற்றது. பெண் பிறந்தால் குடும்பத்திற்குச் சுமை என்ற எண்ணமே அக்கொடுமையின் வேர். சட்டத்தின் தண்டனை மட்டும் அந்த வேரை அறுத்துவிடாது. பெண் தனக்கென ஒரு முதலுடன் வளர்கின்றாள் என்ற நிலை ஏற்படுமாயின் பெற்றோர் மனம் மாறும் என்பதே இத்திட்டத்தை வகுத்தவர்களின் நோக்கம்.

வைப்புத் தொகை காலப்போக்கில் உயர்த்தப்பட்டு வந்துள்ளது. ஒரே பெண் குழந்தை உள்ள குடும்பத்திற்கு ரூ.22,200 என்றும், இரண்டு பெண் குழந்தைகள் உள்ள குடும்பத்திற்குக் குழந்தை ஒன்றுக்கு ரூ.15,200 என்றும் ஒரு காலத்தில் இருந்தது. 1-8-2011 அன்றும் அதன் பின்னரும் பிறந்த குழந்தைகளுக்கு இது முறையே ரூ.50,000 என்றும், குழந்தை ஒன்றுக்கு ரூ.25,000 என்றும் உயர்த்தப்பட்டது. இத்தொகை தமிழ்நாடு மின்விசை நிதி மற்றும் அடிப்படை வசதி மேம்பாட்டுக் கழகத்தில் குழந்தையின் பெயரில் வைக்கப்படுகின்றது. ஐந்தாண்டுக்கு ஒரு முறை வைப்பு புதுப்பிக்கப்படும். ஐந்தாண்டுகள் நிறைந்தபின் கல்விச் செலவுக்கென ஆண்டுதோறும் ரூ.1,800 ஊக்கத்தொகை உண்டு. 18 வயது நிறைந்ததும் முதிர்வுத் தொகை வட்டியுடன் பெண்ணுக்கு உரியதாகும்.

ஐம்பதினாயிரம் ரூபாய் இன்றைய நிலையில் பெருந்தொகை அன்று என்று நீங்கள் நினைக்கலாம். கூட்டு வட்டியின் வலிமை கடன் வாங்கிய விவசாயிக்குத் தெரியாததன்று. கடன் வளர்வது போலவே வைப்பும் வளரும். கணக்குக்காக ஆண்டு வட்டி 7 விழுக்காடு என்று கொள்வோம். வட்டியில் எதையும் எடுக்காவிடில் ரூ.50,000 பத்தாண்டில் ஏறக்குறைய ரூ.98,000 ஆகும், 18 ஆண்டில் ஏறக்குறைய ரூ.1,69,000 ஆகும். உண்மையான வட்டி விகிதம் அவ்வப்போது மாறுவது இயல்பு. எவ்வாறாயினும், கல்லூரியில் சேரவோ, செவிலியர் பயிற்சி பெறவோ, சிறு தொழில் தொடங்கவோ அந்த வயதில் அது பெருந்துணையன்றோ?

யார் பெறலாம்?

குடும்பத்தில் ஆண் குழந்தை இருத்தலாகாது. பெற்றோருள் ஒருவர் விதிக்கப்பட்ட வயதுக்குள் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டிருத்தல் வேண்டும். குடும்ப வருமானம் அரசாங்கம் குறித்த வரம்புக்குள் அமைதல் வேண்டும். இவ்வரம்புகள் திருத்தப்படுவதுண்டு, ஆதலின் பழைய செய்தியை நம்பி, ‘நமக்குக் கிடையாது’ என்று ஒருவரும் ஒதுங்கிவிடலாகாது. வட்டாரத்திலுள்ள சமூக நல விரிவாக்க அலுவலரையோ மகளிர் ஊர்நல அலுவலரையோ கேட்டுத் தெளிதல் நலம். விண்ணப்பத்தை இ-சேவை மையத்தின் வாயிலாகப் பதியலாம்.

இவற்றுள் மிகவும் கருத்தில் கொள்ளவேண்டியது காலக்கெடு. ஒரே பெண் குழந்தையாயின் அது பிறந்த மூன்று ஆண்டுக்குள்ளும், இரண்டு பெண்களாயின் இரண்டாம் குழந்தை பிறந்த மூன்று ஆண்டுக்குள்ளும் விண்ணப்பித்தல் வேண்டும். மூன்றாண்டு என்பது நீண்ட காலம் போலத் தோன்றும். ஆயினும் நாற்று நடவு, அறுவடை, மழை, வறட்சி என்று நாட்கள் ஓடிவிடுகின்றன. வருமானச் சான்று, ஆண் குழந்தை இல்லை என்ற சான்று, இருப்பிடச் சான்று ஆகியவற்றைச் சேர்ப்பதற்குள் கெடு கடந்துவிடுகின்றது.

வேலி இல்லாத கன்று

வைப்பு வைக்கப்பட்டுவிட்டது, மக்கள் ‘பாண்டு’ என்று வழங்கும் பத்திரமும் கைக்கு வந்துவிட்டது. அதன் பின்னர் என்ன நேர்கின்றது?

நம் பகுதியைச் சேர்ந்த ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். மீஞ்சூர் வட்டாரத்தில் கூலி வேலை செய்தவர் குழந்தைக்கு மூன்று வயதாகும்போது திருவொற்றியூருக்குக் குடி போகின்றார். துறைமுகத்தில் சுமை தூக்குகின்றார். அல்லது கன்டெய்னர் லாரியில் துணையாளாகச் செல்கின்றார். மனைவி காசிமேட்டில் மீன் வாங்கித் தெருவில் விற்கின்றார். வாடகை உயர உயர வீடு மாறுகின்றது. இராயபுரம், தண்டையார்பேட்டை, எர்ணாவூர் என்று விலாசமும் மாறுகின்றது. அரசாங்கப் பதிவிலோ பழைய கிராமத்து விலாசமே இருக்கின்றது. அறிவிப்பு அனுப்பினால் எங்கே போய்ச் சேரும்?

கடலோரத்தில் வாழ்வோரின் நிலை இன்னும் கடினமானது. சென்னைத் துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள் எழுந்தது முதல் தெற்கே மெரீனாவில் மணல் சேர்ந்தது. வடக்கே இராயபுரம், திருவொற்றியூர்க் கரையைக் கடல் அரித்து வந்தது. வீடிழந்து இடம் பெயர்ந்த மீனவர் பலர். 2004-ஆம் ஆண்டு சுனாமிக்குப் பின்னர் கரையை விட்டுக் குடியிருப்புகளுக்கு மாறியவரும் பலர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எர்ணாவூர், எண்ணூர்ப் பகுதிகளில் வெள்ளத்துடன் எண்ணெயும் கலந்து வீடுகளுக்குள் புகுந்ததை நீங்கள் அறிவீர்கள். தகரப் பெட்டியில் வைத்த தாள் அத்தகைய நாளில் என்னவாகும்?

இவ்வாறு பத்திரம் மறைகின்றது. அல்லது அப்படி ஒன்று இருப்பதே மறந்துபோகின்றது. பெண்ணுக்கு 18 வயது நிறைகின்றது. அவள் பெயரில் பணம் இருக்கின்றது. அவளோ அதை அறியாள். முதிர்வுத் தொகையைப் பெறாதவர்கள் உரிய சான்றுகளுடன் வருக என்று பல மாவட்டங்களின் நிர்வாகத்தினர் அறிவிப்பு வெளியிட்டு அழைக்கும் நிலை ஏற்பட்டுள்ளது.

இது நம் நாட்டில் மட்டும் நேர்வதன்று. பிரிட்டனில் 2002 செப்டம்பர் முதல் 2011 ஜனவரித் தொடக்கம் வரை பிறந்த குழந்தைகளின் பெயரில் அந்நாட்டு அரசாங்கம் வைப்புக் கணக்கு ஏற்படுத்தியது. 2020 செப்டம்பரில் முதற் குழந்தைகள் 18 வயது எய்தினர். எனினும் 2024-இல் வெளியான கணக்கின்படி 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் தங்கள் பணத்தைக் கேட்டுப் பெறவில்லை. எழுத்தறிவும் தபால் வசதியும் நிறைந்த நாட்டிலேயே இந்நிலை என்றால், ஆண்டுக்கொரு வீடு மாறும் நம் கூலிக் குடும்பங்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 2023 ஜூலை முதல், ஏழைகளுக்கான மருத்துவ உதவியின் கீழ்ப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் 3,200 டாலர் ஒதுக்குகின்றார்கள். அக்குழந்தைகளும் வளர்ந்து, தமக்குரியதைத் தாமே கேட்டால்தான் அத்திட்டம் பயன் தரும்.

பஞ்சாயத்து செய்யத்தக்கது

பெருஞ்செலவு தேவையில்லை, ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அதற்குப் பெண் குழந்தைப் பதிவேடு என்று பெயரிடுங்கள்.

பஞ்சாயத்தில் ஏற்கெனவே பிறப்புப் பதிவு இருக்கின்றதே என்று சிலர் கேட்கலாம். இங்கே ஒரு நுட்பம் உண்டு. பிறப்பு எங்கே நிகழ்கின்றதோ அங்கேதான் அது பதியப்படும். நம் கிராமத்துத் தாய்மாருள் பலர் இராயபுரத்திலுள்ள ராஜா சர் இராமசாமி முதலியார் மகப்பேறு மருத்துவமனையிலும், பொன்னேரி போன்ற ஊர்களின் மருத்துவமனைகளிலும் பிள்ளை பெறுகின்றனர். இராயபுரத்தில் பிறந்த குழந்தை சென்னை மாநகராட்சிப் பதிவில் இருக்கும். நம் ஊர்ப் பதிவில் இராது. ஆதலின் கிராம சுகாதாரச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர் ஆகியோரின் துணைகொண்டு, எங்கே பிறந்திருப்பினும் நம் ஊரில் வாழும் பெண் குழந்தைகள் அனைவரையும் இப்பதிவேட்டில் எழுதுதல் வேண்டும்.

அதில் குழந்தையின் பெயர், பிறந்த நாள், விண்ணப்பிக்கக் கடைசி நாள், பத்திரத்தின் எண், வைப்பு வைத்த நாள், புதுப்பிக்கும் ஆண்டு, பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதும் ஆண்டு, 18 வயது நிறையும் நாள் ஆகியன இருக்கட்டும். குடும்பம் ஊரை விட்டுச் சென்றால் புதிய விலாசத்தையும், ஊரிலேயே தங்கியுள்ள உறவினர் ஒருவரின் பெயரையும் குறித்துக்கொள்க. பத்திரத்தின் நகல் ஒன்றைப் பெற்றோரின் இசைவுடன் வாங்கிப் பத்திரப்படுத்துவதும் நன்று. ஆண்டுக்கு ஒரு முறை கிராம சபைக் கூட்டத்தின்போது இப்பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தால் போதும்.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். பிறப்புச் சான்றில் குழந்தையின் பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். பிறப்புச் சான்றில் ஒரு பெயர், பத்திரத்தில் ஒரு பெயர், ஆதாரில் வேறு எழுத்து, மதிப்பெண் சான்றில் மற்றொரு எழுத்து என்று இருப்பின் பணம் பெறும் வேளையில் பெரும் இடர் நேரும். பள்ளியில் சேர்க்கும் நாளிலேயே எல்லாவற்றிலும் ஒரே எழுத்து இருக்கின்றதா என்று பார்ப்பது நலம்.

பத்திரம் தொலைந்தவர்களும் மனம் தளரவேண்டா. தொலைந்தது தாள், வைப்புத் தொகை கழகத்தின் கணக்கில் இருக்கின்றது. சமூக நல அலுவலகத்தை எழுத்து மூலம் அணுகி வழி கேட்டல் வேண்டும். அந்த விண்ணப்பத்தை எழுதிக் கொடுப்பதும், உடன் செல்வதும் பஞ்சாயத்து உறுப்பினருக்கு உரிய தொண்டேயாகும்.

பள்ளியும் திருமணமும்

பெண் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வை எழுதியிருத்தல் முதிர்வுத் தொகையைப் பெறுவதற்கு இன்றியமையாதது. ஒன்பதாம் வகுப்பில் பள்ளியை விட்டு நிறுத்தி, தம்பி தங்கையைப் பார்க்கவோ இறால் உரிக்கவோ அனுப்பிவிட்டால், அவள் கல்வியை இழப்பதோடு இந்நிதியையும் இழக்க நேரும். 18 வயதுக்கு முன் மணம் செய்விப்பதோ சட்டப்படி குற்றம். ரூ.50,000 வைப்புப் பெற்ற முதற் பெண்களுக்கு 2029 ஆகஸ்ட் முதல் 18 வயது நிறையத் தொடங்கும். அவர்கள் இன்று உங்கள் கண்முன் உயர்நிலைப் பள்ளிக்குச் சென்று வருகின்றார்கள். அவர்களுள் ஒருத்தியேனும் இடைநிற்பின் அதை ஊரின் இழப்பாகவே கருதுங்கள்.

ஒரு கேள்வி

அண்ணனோ தம்பியோ இருப்பதனால் ஓர் ஏழைப் பெண்ணுக்கு இவ்வைப்பு இல்லை என்பது நீதியா என்று தாய்மார்கள் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. பெண் மகவையே வேண்டாமென ஒதுக்கிய கொடுமையை எதிர்த்துப் பிறந்த திட்டமாதலின் விதிகள் இவ்வாறு அமைந்தன. ஆயினும் ஏழ்மை, ஆண் பிள்ளை உள்ள வீட்டிலும் இருக்கின்றது. திட்டம் விரியவேண்டும் என்று கருதுவோர் கிராம சபையில் தீர்மானம் இயற்றி அரசாங்கத்திற்குத் தெரிவிக்கலாம். அதுவரையில் அத்தகைய பெண்களுக்காக, 2015-இல் மத்திய அரசாங்கம் தொடங்கிய செல்வமகள் சேமிப்புத் திட்டம் தபால் நிலையங்களில் உண்டு. அதில் போடுவது நம் சொந்தப் பணமே; எனினும் 10 வயதுக்குள் ரூ.250 செலுத்திக் கணக்குத் தொடங்கலாம்.

அன்பர்களே! பெண்ணின் பெயரில் உள்ள பணம் தந்தையின் கடனுக்கோ தமையனின் செலவுக்கோ உரியதன்று. அது அவளுடையது. 18 வயது நிறைந்த அன்று பஞ்சாயத்து உறுப்பினர் ஒருவர் அவள் வீட்டுக்குச் சென்று, ‘அம்மா, உன் பெயரில் அரசாங்கம் வைத்த தொகை முதிர்ந்துவிட்டது; மதிப்பெண் சான்றையும் வங்கிப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வா, போய் வருவோம்’ என்று சொல்வாராயின், அதனினும் சிறந்த கிராம சேவை வேறில்லை. நாளைக் காலையிலேயே அந்த நோட்டுப் புத்தகத்தை வாங்கி முதற் பெயரை எழுதுமாறு உங்களை வேண்டிக்கொண்டு என் உரையை முடித்துக்கொள்கின்றேன்.