வேகத்தைக் குறைக்கச் சொன்னவர்

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் பேஸ்பால் மைதானம் டாட்ஜர் ஸ்டேடியம். அங்கே 2022 ஜூன் மாதம் சாண்டி கூஃபாக்ஸ் என்ற பந்து வீச்சாளருக்கு வெண்கலச் சிலை திறந்தார்கள். வலது காலை உயரத் தூக்கி, இடது கையால் வீசப்போகும் கோலம். பக்கத்திலேயே ஜாக்கி ராபின்சனின் சிலை. 1965-இல் மட்டும் 382 ஸ்ட்ரைக் அவுட் எடுத்தவர், சிலைக்குத் தகுதியானவர்தான். நான் பேச வந்தது அவருடைய முதல் ஆறு ஆண்டுகளைப் பற்றி.

19 வயதில் அணிக்கு வந்தார். அசாத்திய வேகம், ஆனால் பந்து எங்கே போகும் என்று சொல்ல முடியாது. பேஸ்பாலில் நான்கு பந்துகள் விலகிப் போனால், மட்டையாளர் அடிக்காமலே முதல் தளத்துக்கு நடந்துவிடலாம். அன்றைய விதிப்படி, பெருந்தொகை கொடுத்து எடுத்த இளைஞரை இரண்டு ஆண்டுகள் முதன்மை அணியிலேயே வைத்திருக்க வேண்டும். சிறிய அணிகளுக்கு அனுப்பிப் பழக்க முடியாது. முதன்மை அணியிலோ, இப்படிப்பட்ட பையனை நம்பி ஆட்டத்தைக் கொடுப்பார்களா? பெரும்பாலும் பெஞ்சில்தான் இருந்தார். வீசக் கிடைக்காததால் கட்டுப்பாடு வரவில்லை; கட்டுப்பாடு வராததால் வீசக் கிடைக்கவில்லை. வாசிக்கத் திணறும் பிள்ளையை எழுப்பாமலே பாடத்தை முடிக்கிறோமே, அதே கணக்குதான். 1960 முடிவில் அவருக்கு 36 வெற்றி, 40 தோல்வி.

1961-இல் ஒரு பயிற்சி ஆட்டம். வழக்கம்போலத் தொடக்கத்திலேயே பந்துகள் விலகிப் போயின. தவறத் தவற இன்னும் வேகமாக எறிவது அவர் பழக்கம். (கணக்குத் தப்பானதும் பென்சிலை அழுத்திப் பிடிக்கும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள்.) கேட்சர் நார்ம் ஷெர்ரி எழுந்து போய், வேகத்தைக் கொஞ்சம் குறைத்து வீசச் சொன்னார். கவனமாக வீசு என்று யாரும் சொல்லலாம். அதைக் கேட்டுக் கை என்ன செய்யும்? ஷெர்ரி சொன்னதை அடுத்த பந்திலேயே செய்து பார்க்க முடிந்தது. அன்று ஏழு இன்னிங்ஸ், ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை. அந்த ஆண்டு 269 ஸ்ட்ரைக் அவுட். நேஷனல் லீகில் அப்போது அதுவே சாதனை.

ஷெர்ரி பெரிய ஆட்டக்காரர் இல்லை. ஐந்து பருவங்களில் 194 ஆட்டங்கள் மட்டுமே ஆடினார். 2021 மார்ச்சில் காலமானார். சிலை திறக்க அப்போது இன்னும் பதினைந்து மாதங்கள் இருந்தன.